பெற்றோரை ஒப்படைக்கும் முன்: பராமரிப்பு இல்லங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

பக்கவாதத்திற்கோ இடுப்பெலும்பு முறிவிற்கோ சிகிச்சை முடிந்து, நோயாளியை இனி அழைத்துச் செல்லலாம் என்று நாங்கள் கூறும் நாளில், பல குடும்பங்களில் மகிழ்ச்சியைவிடக் கவலையே மிகுதியாகத் தெரிகிறது. வீடு இரண்டாம் மாடியில் இருக்கும், லிஃப்ட் இராது. மகன் வெளிநாட்டில் இருப்பார். மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் புறப்பட்டால் இரவுதான் திரும்புவர். துணைக்கு இருப்பவர் நோயாளியைவிட நான்கைந்து வயதே இளைய வாழ்க்கைத் துணை. அப்போது எங்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: "டாக்டர், பக்கத்தில் நல்ல பராமரிப்பு இல்லமாக ஒன்று சொல்லுங்கள்."

பெயர் ஒன்றைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் இல்லத்தின் தரம் கட்டடத்தில் இல்லை. அங்கே பணிபுரிவோரிடமே இருக்கிறது. பொறுப்பான மூத்த செவிலியர் ஒருவர் விலகிச் சென்றாலே ஆறு மாதங்களில் ஓர் இல்லத்தின் நிலை மாறிவிடக்கூடும். ஆகவே, எந்த இல்லத்தையும் குடும்பத்தார் தாமே எடைபோட்டுப் பார்க்க உதவும் வழிமுறையை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

எந்த வகை இல்லம் தேவை?

நம் ஊரில் 'நர்சிங் ஹோம்' என்றால் சிறிய தனியார் மருத்துவமனை என்றே பொருள். மருத்துவரும் அறுவை அரங்கும் உள்ள அத்தகைய இடங்கள் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற வேண்டியவை. மேலை நாடுகளில் அதே சொல், தம் வேலையைத் தாமே செய்துகொள்ள இயலாத முதியோர் நீண்ட காலம் தங்கும் இல்லத்தைக் குறிக்கிறது. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளும் உள்ளூர் உறவினர்களும் தொலைபேசியில் ஒரே சொல்லை இரு பொருளில் பேசிக்கொண்டிருப்பதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், வண்டலூர், கூடுவாஞ்சேரி வட்டாரத்தில் உள்ள இல்லங்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, நடமாட்டத்துடன் இருக்கும் முதியோர் தங்கி உணவருந்தும் முதியோர் இல்லம். இரண்டாவது, குளிக்க, உடுத்த, உண்ண, கழிவறை செல்ல உதவி தேவைப்படுவோருக்கான பராமரிப்பு இல்லம். மூன்றாவது, உணவுக் குழாய், தொண்டைத் துளைக் குழாய், ஆழமான புண் ஆகியவை உள்ளவர்களுக்குச் செவிலியர் இரவும் பகலும் உடனிருக்கும் மருத்துவப் பராமரிப்பு இல்லம். முதல் வகை இல்லத்தில் மூன்றாம் வகை நோயாளியைச் சேர்ப்பதே பெரும்பாலான துன்பங்களுக்குத் தொடக்கம். இல்லத்தைத் தேடுமுன், உங்கள் நோயாளி எந்த வகையில் வருகிறார் என்பதைச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த அக்கறை இப்போது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு. மத்திய அரசின் கணிப்பின்படி இது 2031இல் 18 விழுக்காட்டை எட்டும். முதியோர் மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்ததில் சென்னைக்கு முன்னோடியான இடம் உண்டு. கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. நீண்ட காலம் தங்கிச் சிகிச்சை பெறுவதும் தாம்பரத்துக்குப் புதிதன்று. காசநோய்க்கு மருந்தே இல்லாத நாளில், 1928இல் டாக்டர் சௌரி முத்து இங்கே தொடங்கிய சானடோரியத்தில் நல்ல காற்றும் உணவும் ஓய்வும் கவனிப்புமே சிகிச்சையாக இருந்தன. இன்றைய பராமரிப்பு இல்லத்துக்கும் அடிப்படை அவையே.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவில் பராமரிப்பு இல்லங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் தகவல்களை அந்நாட்டு அரசு 1998 முதல் பொதுமக்களுக்கு வெளியிட்டு வருகிறது. 2008 டிசம்பரில் ஒன்று முதல் ஐந்து வரையிலான நட்சத்திரத் தர வரிசை வந்தது. அதற்கு மூன்று அளவுகோல்கள்: அரசு ஆய்வாளர்கள் நேரில் கண்டவை, பணியாளர் எண்ணிக்கை, நோயாளிகளின் உடல்நிலைக் குறியீடுகள். இங்கிலாந்திலும் ஒரு தனி ஆணையம் இல்லங்களை ஆய்ந்து நான்கு நிலைகளாகத் தரம் பிரிக்கிறது.

அமெரிக்க அனுபவத்திலிருந்து ஒரு பாடம் நமக்கு மிகவும் பயன்படும். தொடக்கத்தில் பணியாளர் எண்ணிக்கையை இல்லங்கள் தாமே அறிவித்தன. அவ்வெண்கள் நம்பத்தக்கவை அல்ல என்ற குறை எழுந்தது. பின்னர்ச் சம்பளப் பட்டியலிலிருந்தே கணக்கெடுக்கும் முறை வந்து, 2018 முதல் தர வரிசைக்கு அதுவே அடிப்படையாயிற்று. இல்லம் தன்னைப் பற்றிச் சொல்வது ஒன்று. பதிவேடும் நேரில் காண்பதும் காட்டுவது மற்றொன்று. நட்சத்திரங்கள் இல்லாத நம் ஊரில் குடும்பத்தாரே ஆய்வாளராகவும் இருக்க வேண்டும். அந்த மூன்று அளவுகோல்களையே நம் சூழலுக்கு ஏற்ப விளக்குகிறோம்.

1. இரவில் யார் இருக்கிறார்கள்?

"எத்தனை பணியாளர்கள் உள்ளனர்?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை பயன் தராது. சமையல்காரரும் காவலாளியும் அதில் அடங்கிவிடுவர். "இன்றிரவு பத்து மணிக்கு மேல், இந்த மாடியில் எத்தனை பேருக்கு எத்தனை உதவியாளர்கள்? அவர்களில் பயிற்சி பெற்ற செவிலியர் யார்?" என்று கேளுங்கள். பணிநேரப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். பகல் முழுவதும் உழைத்த அதே உதவியாளர் இரவிலும் அங்கேயே படுத்துக்கொள்ளும் ஏற்பாடாக இருந்தால், நள்ளிரவில் உங்கள் தாய் கழிவறைக்குச் செல்ல அழைக்கும்போது எழுந்து வர ஆள் இராது.

மூத்த உதவியாளர் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார் என்பதையும் கேளுங்கள். அடிக்கடி ஆள் மாறும் இல்லத்தில், நோயாளியின் பழக்கங்களை அறிந்தவர் எவரும் இருக்கமாட்டார். நேற்றுவரை பேசியவர் இன்று பேசவில்லை என்பது உடல்நலக் கேட்டின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அதைக் கண்டுணர நேற்றும் உடனிருந்த ஒருவர் தேவை.

2. படுக்கைப் புண்

ஓர் இல்லத்தின் தரத்தைக் காட்டும் ஒரே குறியைச் சொல்லுங்கள் என்று கேட்டால், நாங்கள் படுக்கைப் புண்ணைத்தான் சொல்வோம். தானே புரள இயலாதவரின் உடல் எடை முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் அழுத்தும்போது, அங்கே இரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்திலேயே திசு சிதையத் தொடங்குகிறது. முதல் நிலையில் தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுப்பதில்லை. நம்மவரின் கருநிறத் தோலில் அச்சிவப்பு எளிதில் புலப்படாது. ஆகவே அவ்விடம் வெப்பமாகவோ கடினமாகவோ உள்ளதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாம் நிலையில் தோல் உரிகிறது. மூன்றாவதில் கொழுப்புப் பகுதி வரையிலும், நான்காவதில் தசை, எலும்பு வரையிலும் புண் இறங்குகிறது. முதல் நிலையில் ஒரு தலையணையும் கவனமும் போதும். நான்காம் நிலையில் அறுவைச் சிகிச்சையும் மாதக் கணக்கில் மருத்துவமும் தேவைப்படலாம். நோய்த்தொற்று இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

காற்று மெத்தை இருப்பது மட்டும் போதாது. "எத்தனை மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள்? அதை எங்கே எழுதுகிறீர்கள்?" என்று கேளுங்கள். ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை என்பது பொதுவான வழக்கம். பதிவேட்டில் ஒரு வாரத்துக்குரிய பதிவுகள் அனைத்தும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால், அது அவ்வப்போது எழுதப்பட்டதன்று என்று கொள்ளலாம்.

ஒரு நடைமுறை யோசனை: சேர்க்கும் நாளில் குடும்பத்தாரும் இல்லச் செவிலியரும் சேர்ந்து நோயாளியின் உடல் முழுவதையும் பார்த்து, எங்கெங்கே புண் அல்லது தழும்பு உள்ளது என்று தேதியிட்டு எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். பிற்காலத்தில், இந்தப் புண் மருத்துவமனையிலேயே வந்தது, வீட்டிலேயே வந்தது என்ற வீண் வாதம் எழாது.

3. உணவு, நீர், எடை

பெரும்பாலான இல்லங்களில் உணவுப் பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். அதைப் படிப்பதைவிட, மதிய உணவு நேரத்தில் சென்று பார்ப்பது நல்லது. கை நடுங்குபவருக்கு ஊட்டிவிட ஆள் இருக்கிறாரா? தட்டு வைக்கப்பட்டு, தொடாமலே எடுத்துச் செல்லப்படுகிறதா? ஒருவருக்குப் பொறுமையாக ஊட்ட அரை மணி நேரம் ஆகலாம். பத்துப் பேருக்கு ஓர் உதவியாளர் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

மாதந்தோறும் எடை பார்க்கிறார்களா என்று கேளுங்கள். ஒரு மாதத்தில் 5 விழுக்காடு அல்லது ஆறு மாதத்தில் 10 விழுக்காடு எடை குறைவது மருத்துவரின் கவனத்துக்கு வர வேண்டியது. 50 கிலோ எடையுள்ளவருக்கு அது முறையே இரண்டரை கிலோ, ஐந்து கிலோ. முதுமையில் தாக உணர்வு குறைந்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் கேட்டால் மட்டும் தண்ணீர் கொடுக்கும் இல்லத்தில், நீரிழப்பு, சிறுநீர்த் தொற்று, மனக்குழப்பம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

மூக்குவழி உணவுக் குழாய் உள்ளவருக்கு, உணவு செலுத்தும்போதும் அதன்பின் ஏறத்தாழ ஒரு மணி நேரமும் தலைப்பகுதி 30 பாகைக்குக் குறையாமல் உயர்ந்திருக்க வேண்டும். படுத்த நிலையில் கஞ்சி செலுத்துவதைக் கண்டால் அங்கே சேர்க்காதீர்கள். அது நுரையீரலுக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கும்.

4. விழுதல், கட்டி வைத்தல், தூக்க மருந்து

"எங்கள் இல்லத்தில் எவரும் விழுந்ததே இல்லை" என்று கூறும் இல்லத்தைவிட, "சென்ற மாதம் இருவர் விழுந்தனர், அதன்பின் கழிவறையில் கைப்பிடி பொருத்தினோம்" என்று கூறும் இல்லமே நம்பத்தக்கது. முதியோர் விழுவது இயல்பு. அதை எழுதிவைத்துக் காரணத்தைத் தேடுகிறார்களா என்பதே தரத்தின் அளவு.

விழாமல் இருப்பதற்காக நோயாளியைக் கட்டிலோடு கட்டி வைப்பதும், இரவில் அமைதியாக இருப்பதற்காகத் தூக்க மருந்து கொடுப்பதும் சில இடங்களில் வழக்கமாக உள்ளன. மறதி நோய் உள்ளவர்களே இதற்கு மிகுதியாக ஆளாகின்றனர். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த இடத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப இயலாமல் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை எவ்வடிவிலும் தடை செய்கிறது. கட்டி வைப்பதால் தசை மெலிவு, படுக்கைப் புண், அச்சம் ஆகியவை கூடுகின்றன, விழுதல் நின்றுவிடுவதில்லை. "இரவில் எழுந்து நடந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, விடையைக் கூர்ந்து கவனியுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுக்காத எந்தத் தூக்க மருந்தையும் கொடுக்கக் கூடாது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

5. மருந்து, குழாய், அவசர நிலை

சிறுநீர்க் குழாய் பொருத்தியிருப்பது பணியாளருக்கு வசதி. நோயாளிக்குத் தொற்றின் வாசல். அது ஏன் போடப்பட்டது, எப்போது எடுக்கப்படும் என்பதற்கு விடை இருக்க வேண்டும். வாசலிலேயே சிறுநீர் நாற்றம் வீசும் இல்லத்தையும், பினாயில் நெடி மூக்கைத் துளைக்கும் இல்லத்தையும் ஒரே ஐயத்துடன் பாருங்கள்.

இன்சுலின் போடுபவராயின், யார் போடுகிறார், உணவு தாமதமானால் என்ன செய்வார், சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினால் முதலில் என்ன கொடுப்பார் என்று கேளுங்கள். மயங்கிக் கிடக்கும் முதியவரை உறங்குகிறார் என்று எண்ணி விட்டுவிடும் ஆபத்து இங்கேதான் மிகுதி. மருந்துகள் ஒவ்வொருவருக்கும் பெயரிட்ட தனிப்பெட்டியில் உள்ளனவா, கொடுத்த வேளை குறிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள்.

மருத்துவர் வாரத்தில் எத்தனை முறை வருகிறார், இரவில் மூச்சுத் திணறினால் எந்த மருத்துவமனைக்கு, யார் உடன் வருவார் என்பவை முன்னரே முடிவாகியிருக்க வேண்டும். மலிவாக இருக்கிறது என்று வண்டலூருக்கு அப்பால் உட்புறச் சாலையில் உள்ள இல்லத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், மாலை வேளையில் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஆம்புலன்ஸ் வந்து சேர ஆகும் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய மற்றொரு கேள்வி வெள்ளம். 2015இல் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை எவரும் மறந்திருக்க இயலாது. நடக்க இயலாதோர் தரைத்தளத்தில் இருந்தால், வடகிழக்குப் பருவமழையின்போது அவர்களை மேல்தளத்துக்கு எப்படி மாற்றுவர்? ஆக்சிஜன் இயந்திரமும் காற்று மெத்தையும் மின்சாரம் நின்றாலும் இயங்க ஜெனரேட்டர் உள்ளதா? அதை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

ஒப்பிடும் முறை

மூன்று இல்லங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் இருமுறை செல்லுங்கள்: ஒருமுறை முன்கூட்டிச் சொல்லிவிட்டு, மறுமுறை சொல்லாமல் மாலை ஏழு மணி அளவில். மூன்றிலும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். வரவேற்பறையில் பேசியதைவிட, அங்கே தங்கியிருப்பவர்களோடு பேசியதே பயன் தரும். அவர்களுடைய நகம், முடி, ஆடை, நாக்கின் ஈரம் ஆகியவற்றைப் பாருங்கள். உதவியாளர் அவர்களைப் பெயரிட்டு, "அம்மா", "ஐயா" என்று அழைக்கிறாரா, அல்லது படுக்கை எண்ணால் குறிப்பிடுகிறாரா என்பதைக் கேளுங்கள்.

கட்டணத்தில் எவை அடங்கும், எவை அடங்கா என்பதை எழுத்தில் பெறுங்கள். டயப்பர், பிசியோதெரபி, மருத்துவர் வருகை, ஆம்புலன்ஸ் ஆகியவை தனிக் கட்டணமானால், மலிவாகத் தோன்றிய இல்லமே மாத முடிவில் விலை மிகுந்ததாகிவிடும். முன்பணம் திரும்பக் கிடைக்கும் விதிமுறையையும் கேளுங்கள். இல்லத்தின் பதிவுச் சான்று நடப்பில் உள்ளதா என்பதை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

இவை அனைத்துக்கும் மேலாக, அங்கே வாழப்போகிறவரை முடிந்தால் உடன் அழைத்துச் செல்லுங்கள். பேச்சு குழறினாலும் அவருக்கு விருப்பு வெறுப்பு உண்டு. "நாலு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம்" என்று பொய் சொல்லிச் சேர்த்துவிட்டு வருவது, இல்லத்தின் மீதும் உங்கள் மீதும் அவருக்குள்ள நம்பிக்கையை ஒருசேரக் கெடுத்துவிடும்.

சேர்த்த பின்னர்

முதல் முப்பது நாட்கள் முக்கியமானவை. வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் சென்று பாருங்கள். போர்வையை விலக்கிக் குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் பாருங்கள். எடைக் குறிப்பைக் கேளுங்கள். உறவினர் அடிக்கடி வருகிறார் என்பதே ஒரு பாதுகாப்பு. ஆகவே, மிகச் சிறந்த தொலைதூர இல்லத்தைவிட, வாரம் இருமுறை உங்களால் சென்றுவர இயலும் நல்ல இல்லமே மேல். குறை கண்டால் முதலில் பொறுப்பாளரிடம் அமைதியாகவும் எழுத்திலும் தெரிவியுங்கள். தீராவிடில் முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லா எண்ணையோ, மாவட்டச் சமூக நல அலுவலரையோ அணுகலாம்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள இயலுமா என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறைச் சிகிச்சையும் நோய்த் தணிப்புப் பராமரிப்பும் தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே அளிக்கப்படுகின்றன. மறுபுறம், பொருளும் பராமரிப்பும் இன்றிப் பெற்றோரைக் கைவிடுவது 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் ஆகும். பராமரிப்புத் தொகை கோரும் முதியோர் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம்.

இல்லத்தில் சேர்ப்பது கைவிடுவது ஆகாது. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்க வீட்டில் ஆளின்றி, தாயின் முதுகில் புண் வரவிடுவதைவிட, அதைச் செய்வோரிடம் ஒப்படைத்துவிட்டு அருகிலிருந்து கண்காணிப்பதே மேலான கடமை. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பெறும் நாளில், இக்கட்டுரையின் கேள்விகளோடு எங்கள் செவிலியரிடமும் சமூகப் பணியாளரிடமும் பேசுங்கள். நோயாளிக்கு வேண்டிய பராமரிப்பின் பட்டியலை எழுதித் தருகிறோம். நீங்கள் பார்க்கப் போகும் மூன்று இல்லங்களிலும் அந்தப் பட்டியலை முதலில் காட்டுங்கள்.